டிரைசூட்டுக்கு ஏற்ற ஃபின்: என் அனுபவம்

நீர் உள்ளே புகாத முக்குளிப்பு உடையான டிரைசூட் அணிந்து நீரில் இறங்கத் தொடங்கியபோது, உடைக்குள் இருக்கும் காற்று கால்பக்கம் நகர்ந்து, பாதங்கள் மேலெழுந்து, தலை தாழ்ந்துவிடுவதே எனக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. நீர் உள்ளே புகும் உடையான வெட்சூட்டுடன் பயன்படுத்திய பிளாஸ்டிக் ஃபின்கள், அதாவது காலில் மாட்டும் நீச்சல் துடுப்புகள், நீருக்குள் ஏறக்குறைய எடையற்றவை என்பதால், கால்களைக் கீழே நிறுத்த அவை உதவவில்லை. கணுக்காலில் ஈயக் கட்டிகளைக் கட்டிப் பார்த்தேன். கால் தாழ்ந்தது, ஆனால் ஒவ்வோர் உதைப்பிலும் அந்தச் சுமையையும் சேர்த்து வீச வேண்டியிருந்ததால் விரைவில் களைத்துப்போனேன்.

நீரில் அமிழும் தன்மையுள்ள, குட்டையான, விறைப்பான ரப்பர் ஃபின்களுக்கு மாறியதும் உடல் கிடைமட்டமாக நின்றது. எடையைவிடவும் முக்கியமானது ஃபினில் பாதம் நுழையும் பகுதியான பாதப்பை என்பேன். டிரைசூட்டின் பூட்ஸ் பருமனானது. உள்ளே தடித்த காலுறையும் சேரும். ஆகவே அளவு எண்ணை நம்பாமல், இரண்டையும் அணிந்தே போட்டுப் பார்த்தேன். விரல்களை அசைக்க முடியாதபடி இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து, குளிர்நீரில் பாதம் மரத்துப்போகும். தளர்ந்தாலோ உதைக்கும் விசை வீணாகும். குதிகாலைப் பிடிக்கும் கொக்கிப் பட்டைக்குப் பதிலாக ஸ்பிரிங் பட்டை மாட்டினேன். தடித்த கையுறையுடனும் அதை ஒரே இழுப்பில் கழற்ற முடிகிறது. இந்தக் கனம் எல்லோருக்கும் பொருந்தாது. கால்கள் இயல்பாகவே தாழ்ந்து நிற்பவர்கள் இலேசான ஃபின்களையே தேர்ந்தெடுக்க வேண்டும்.