சந்தேகப்படுவதிலும் சறுக்கலாம்: ஐயவாதம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுதி அறையில் இரவு பதினோரு மணிக்கு மேல் தொடங்கும் வாக்குவாதங்களில் இது ஒன்று கட்டாயம் வரும். "இப்போ நாம கனவுல இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒருவன் கேட்பான். பக்கத்தில் இருப்பவன் அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளிவிட்டு, "வலிச்சுதா? அப்போ கனவு இல்ல" என்பான். எல்லோரும் சிரிப்போம், பேச்சு முடிந்ததென்று நினைப்போம்.

முடியவில்லை. கிள்ளியதும் வலித்ததும் கனவிலேயே நடந்திருக்கலாம். கனவா நனவா என்று பார்க்க எந்தச் சோதனை வைத்தாலும் அந்தச் சோதனையையும் சேர்த்துக் கனவு காண முடியும் என்பதுதான் அந்தக் கேள்வியின் கூர்மை. எதையாவது உண்மையில் அறிந்திருக்கிறோமா என்று கேட்கும் ஐயவாதத்துக்குப் பதில் சொல்லப் புறப்படுபவர்கள் செய்யும் முதல் தவறு இது. எது சந்தேகத்தில் இருக்கிறதோ அதையே சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

இந்தக் கனவுக் கேள்வியோடு ஒட்டிக்கொண்ட பெயர் பிரெஞ்சுத் தத்துவஞானி ரெனே டெகார்ட். 1641இல் லத்தீனில் வெளியான 'தியானங்கள்' நூலின் முதல் பகுதியில் அவர் புலன்களைச் சந்தேகிக்கிறார், பிறகு நனவைச் சந்தேகிக்கிறார், கடைசியில் தன்னை எல்லாவற்றிலும் ஏமாற்றும் ஒரு தீய சக்தியைக் கற்பனை செய்கிறார். அத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு அவரை ஐயவாதி என்று சொல்பவர்கள் நிறைய பேர். அவரே சொன்ன உவமை வேறு: கூடையில் சில ஆப்பிள் அழுகியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், எல்லாவற்றையும் கீழே கொட்டி நல்லதை மட்டும் திரும்பப் பொறுக்கி வைப்போம் இல்லையா, அதுதான் தன் வேலை என்றார். கொட்டியது பொறுக்குவதற்காக. அவர் கையில் முதலில் சிக்கியது "நான் இருக்கிறேன்" என்ற ஒன்றுதான். "சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்" என்று டி-ஷர்ட்டில் அச்சடிக்கப்படும் அந்த வாசகம் உங்கள் அறைத்தோழன் இருக்கிறான் என்று நிரூபிக்காது. வெளியுலகைத் திரும்பப் பெற அவர் ஏமாற்றாத கடவுளைக் கொண்டுவர வேண்டியிருந்தது. நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாக்கி அந்த வாதம் வட்டமடிக்கிறது என்று அவர் காலத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

அடுத்தது, ஐயவாதியை ஒரே வரியில் மடக்கிவிட்டோம் என்று நினைப்பது. "எதையும் அறிய முடியாது என்கிறாயே, இதை மட்டும் எப்படி அறிந்தாய்?" கைதட்டல் வாங்கித் தரும் கேள்விதான். ஆனால் அது யார் மேல் விழுகிறது? பண்டைய கிரேக்க ஐயவாதத்தை நமக்கு விரிவாக எழுதி வைத்துவிட்டுப் போனவர் செக்ஸ்டஸ் எம்பிரிகஸ் என்ற மருத்துவர். அவர் தொடக்கத்திலேயே மூன்று வகை ஆட்களைப் பிரிக்கிறார்: உண்மையைக் கண்டுவிட்டேன் என்பவர், காணவே முடியாது என்பவர், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர். அவர் கணக்கில் ஐயவாதி மூன்றாமவர். கிரேக்கத்தில் 'ஸ்கெப்சிஸ்' என்றாலே ஆராய்தல் என்றுதான் பொருள். உங்கள் மடக்குக் கேள்வி இரண்டாமவரை வீழ்த்தும். மூன்றாமவர் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருப்பார். பேதி மருந்து வயிற்றில் இருப்பதை வெளியேற்றும்போது தானும் கூடவே வெளியேறுகிறதே, என் வாதங்களும் அப்படித்தான் என்கிறார் செக்ஸ்டஸ். மருத்துவர் அல்லவா!

கி.பி. 2ஆம் நூற்றாண்டை ஒட்டி நம் பக்கத்திலும் இதே மோதல் நடந்திருக்கிறது. "எல்லாம் சூனியம் (தனக்கென்று நிலையான இயல்பு இல்லாதது) என்றால் உங்கள் சொல்லும் சூனியம்தானே, அது எதை மறுக்கும்?" என்ற கேள்விக்கு, நிலைநாட்ட வேண்டிய கொள்கை என்று எனக்கு எதுவும் இல்லை, அதனால் அந்தக் குற்றம் என்னைச் சேராது என்று 'விக்ரகவியாவர்த்தனி' நூலில் பதில் சொன்னார் பௌத்தத் தத்துவஞானி நாகார்ஜுனர். கூடவே எதிர்க்கேள்வியும் போட்டார். பொருளை அளவையால், அதாவது காட்சி, அனுமானம் போன்ற அறியும் வழிகளால், அறிகிறோம் என்கிறீர்கள். அந்த அளவை சரி என்று எதைக் கொண்டு அறிந்தீர்கள்? இன்னொரு அளவையால் என்றால், அதற்கு இன்னொன்று வேண்டும். முடிவே இல்லை.

இங்கே பலரும் பதறிப்போய் ஏதாவது ஓர் இடத்தில் "இது தானாகவே தெளிவானது" என்று கோடு போடுகிறார்கள். தர்க்கத்தை வளர்த்த நியாய மரபின் சூத்திரக்காரர்கள் பதறவில்லை. தராசைப் பாருங்கள் என்றார்கள். தராசு பொன்னை நிறுக்கும். தராசின் மீதே சந்தேகம் வந்தால், எடை தெரிந்த பொன்னை வைத்து அதைச் சோதித்துக்கொள்ளலாம். இப்போது அளப்பது அடுத்து அளக்கப்படுவதாகும், அவ்வளவுதான். எல்லாத் தராசையும் ஒரே நேரத்தில் சோதித்து முடித்தால்தான் கடை திறப்பேன் என்று எந்தக் கடைக்காரரும் உட்கார்ந்திருப்பதில்லை. இது நாகார்ஜுனரின் கேள்வியை முழுசாக அடைத்துவிட்டதா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அறிவு என்றால் அசையாத அஸ்திவாரத்தின் மேல் அடுக்கிய கட்டடம் என்ற படத்தை நாம் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொண்டோம் என்பதைக் காட்டிவிடுகிறது.

அந்தப் படத்திலிருந்துதான் இன்னொரு தவறும் முளைக்கிறது: தெரியும் என்பதையும் நூறு சதவீதம் நிச்சயம் என்பதையும் ஒன்றாக்குவது. வீட்டைப் பூட்டிவிட்டுப் பேருந்து ஏறியதும் மனம் கேட்கும், கேஸை அணைத்தேனா? அணைத்தது நினைவிருக்கிறது. நினைவு தவறலாம்தான். ஆனால் தவறக்கூடியது என்பது வேறு, தவறிவிட்டது என்பது வேறு. அணைக்கப் போகும் நேரத்தில் போன் வந்தது, பாதியில் எழுந்து போனேன் என்றால் அந்தச் சந்தேகத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. இறங்கித் திரும்பிப் போகலாம். "ஒரு தீய சக்தி உன் நினைவை மாற்றியிருந்தால்?" என்பதற்காக யாரும் பேருந்தை நிறுத்தச் சொல்வதில்லை. ஐயத்துக்கும் காரணம் வேண்டும் என்பதை நியாயக்காரர்கள் விதியாகவே வைத்தார்கள். மணிமேகலையின் அளவை பற்றிய பகுதியில் ஐயத்துக்குக் காட்டும் உதாரணம் இது: எதிரே தெரிவது தறியோ, மகனோ? மரக்கட்டையா மனிதனா என்று தடுமாற வேண்டுமென்றால், கட்டை எப்படி இருக்கும், மனிதன் எப்படி இருப்பான் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒன்றுமே தெரியாதவனால் சந்தேகப்படக்கூட முடியாது.

ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் விஷயத்தில் சறுக்குபவர்கள் பெரும்பாலும் அறிவியல் படித்தவர்கள். இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்று எந்த ஆதாரத்தில் சொல்கிறோம் என்று அவர் 1739இல் கேட்டார். "அறிவியல் இதுவரை வேலை செய்திருக்கிறதே!" என்று உடனே பதில் வரும். இதுவரை. அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம், கேள்வியே அதைப் பற்றியதுதான். அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, கண்ணால் கண்டதை மட்டும் ஏற்ற சார்வாகர்கள், புகை இருக்கும் இடத்தில் எல்லாம் நெருப்பு இருக்கும் என்ற வியாப்தியை (மாறாத தொடர்பை) எப்படி உறுதி செய்தாய், எல்லா இடத்தையும் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறார்கள். அதே சமயம், ஹியூம் சூரியன் நாளை உதிக்காது என்று சொன்னதாக நினைப்பதும் தப்பு. அந்த நம்பிக்கையைத் தருவது தர்க்கமல்ல, பழக்கம் என்றார். சந்தேகங்கள் தலைக்கேறும்போது நண்பர்களோடு சாப்பிட்டு, காய் நகர்த்திப் பலகை ஆட்டம் ஆடினால் எல்லாம் கலைந்துவிடுகிறது என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

எனக்குப் பிடித்த பதில் மிதிலையைச் சேர்ந்த நியாய அறிஞர் கங்கேசருடையது, 14ஆம் நூற்றாண்டு. புகைக்கு நெருப்பு காரணமா என்று உண்மையிலேயே சந்தேகிக்கிறாய் என்றால், புகை வேண்டும்போது ஏன் தவறாமல் நெருப்பைத் தேடுகிறாய்? பசிக்கு ஏன் சோற்றைத் தேடுகிறாய்? உன் செயல் உன் சந்தேகத்தை முறிக்கிறது என்றார். இது ஹியூமுக்குப் பதிலாகுமா? நான் அதைத்தானே பழக்கம் என்றேன் என்று அவர் தப்பித்துக்கொள்வார். ஆனால் வாயளவில் மட்டும் சந்தேகப்படுபவருக்கு வழி அடைபட்டுவிடும்.

வாயளவுச் சந்தேகம்தான் இன்று நம்மிடையே அதிகம் உலவுகிறது. தடுப்பூசி பற்றிப் பேச்சு வந்தால் "யாருக்குத் தெரியும், எல்லாம் அவங்க சொல்றதுதானே" என்பார்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் வந்த கஷாயக் குறிப்பை அப்படியே நம்புவார்கள். தீய சக்தி ஏமாற்றும் என்றால் இரண்டிலும்தான் ஏமாற்றும். உங்களுக்குப் பிடிக்காததை மட்டும் தேர்ந்தெடுத்து ஏமாற்றாது. "எப்பொருள் யார்யார்வாய்" குறளை இதற்குத் துணைக்கு அழைப்பதும் பொருந்தாது. மெய்ப்பொருள் காண்பது அறிவு என்று முடிகிறது அது. மெய்ப்பொருளைக் காண முடியும் என்பதில் வள்ளுவருக்குச் சந்தேகமே இல்லை.

வஞ்சி நகரில் மணிமேகலை, நிலம், நீர் போன்ற பூதங்களே எல்லாம் என்னும் ஒரு பூதவாதியிடம் பேசும் இடம் இதற்கு அழகான உதாரணம். கண்கூடாகக் கண்டதே அறிவு, அனுமானம் செல்லாது என்பது அவர் கட்சி. தன் முற்பிறப்பை அறிந்தேன் என்று அவள் சொன்னதும், தெய்வ மயக்கமாகவோ கனவாகவோ இருக்கும் என்று தள்ளுகிறார். டெகார்ட் பின்னாளில் கையில் எடுத்த அதே இரண்டு ஆயுதங்கள்! முற்பிறப்பை நாம் நம்பலாம், நம்பாமலும் போகலாம். அவள் திருப்பிக் கேட்டதுதான் முக்கியம்: இந்த உலகில் உன் தாய் தந்தையரை அனுமானம் இல்லாமல் எப்படி அறிவாய்?

நாம் தொட்டிக்குள் மிதக்கும் வெறும் மூளையாக இருந்து, இந்த உலகம் முழுதும் அதற்கு ஊட்டப்படும் மாயையாக இருந்தால்? அந்தச் சந்தேகம் பற்றி ஒரு வார்த்தை. எப்போதுமே தொட்டியில் இருந்த மூளை 'தொட்டி' என்று சொன்னால் அது உண்மைத் தொட்டியைக் குறிக்காது, எனவே அந்தச் சந்தேகம் தன்னைத்தானே முறித்துக்கொள்கிறது என்று 1981இல் அமெரிக்கத் தத்துவஞானி ஹிலரி பட்னம் வாதிட்டார். நேற்று இரவுதான் தொட்டிக்குள் போட்டார்கள் என்று கதையை மாற்றினால் இந்தப் பதில் உதவாது. பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

கடைசித் தவறு, ஆங்கிலத் தத்துவஞானி ஜி. ஈ. மூரைப் பார்த்துச் சிரிப்பது. 1939இல் பிரிட்டிஷ் அகாதெமி உரையில் அவர் இரு கைகளையும் தூக்கி, இதோ ஒரு கை, இதோ இன்னொன்று, ஆகவே வெளியுலகம் இருக்கிறது என்றார். கிள்ளிப் பார்த்த நண்பனும் இவரும் ஒன்றுதானே என்று தோன்றும். மூரின் பலம் ஒப்பிடுவதில் இருக்கிறது: இது என் கை என்பதைவிட, இதை நான் அறியவில்லை என்று காட்ட ஐயவாதி எடுக்கும் தத்துவக் கூற்றுகள் எந்த வகையில் அதிக நம்பிக்கைக்குரியவை? இரண்டில் ஒன்றைக் கைவிடத்தான் வேண்டுமென்றால் கையை ஏன் விட வேண்டும்?

மூர் அந்த இடத்தில் 'அறிவேன்' என்ற சொல்லைப் போட்டதுதான் பிழை என்று நினைத்தவர் தத்துவஞானி விட்கென்ஸ்டைன். கதவு திரும்ப வேண்டுமானால் கீல் அசையாமல் இருக்க வேண்டும். சந்தேகம் என்ற ஆட்டம் ஓட, சில விஷயங்கள் சந்தேகத்துக்கு வெளியே நின்றாக வேண்டும் என்று குறிப்புகள் எழுதிக்கொண்டே போனார். கடைசிக் குறிப்பு 1951 ஏப்ரல் 27ஆம் தேதியுடையது. இரண்டு நாளில் இறந்துவிட்டார். அதிலும் கனவுதான் வருகிறது. தூக்கத்தில் ஒருவன் "நான் கனவு காண்கிறேன்" என்று முணுமுணுத்தால் அவன் சொன்னது சரி என்று ஆகாது. "மழை பெய்கிறது" என்று கனவில் சொல்பவன், அந்நேரம் வெளியே மெய்யாகவே மழை பெய்துகொண்டிருந்தாலும், மழையைப் பற்றி எதுவும் சொன்னவனாக மாட்டான்.