பெரிய உணவகத்தில் இரவு விருந்து: நம் கரைக்காரர்களுக்குச் சில யோசனைகள்

கீழக்கரை, மண்டபம், தொண்டி என்று நம் கடற்கரை ஊர்களில் துபாயிலோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ ஒரு பிள்ளை வேலையில் இல்லாத தெருவைக் காண்பது அரிது. ஊரிலிருந்து பெற்றோர் போகும்போது, பேர் பெற்ற உணவகம் ஒன்றுக்கு அவர்களை அழைத்துப் போக வேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் ஆசைப்படுவதும், போன இடத்தில் எந்தக் கரண்டியை முதலில் எடுப்பது என்ற தயக்கத்திலேயே அந்த இரவு கழிந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. கரண்டி ஒரு பொருட்டே அல்ல. நிறைந்த மனதோடு திரும்புவதா, அரை வயிற்றோடு திரும்புவதா என்பது, முன்பதிவு செய்யும் நாளில் நாம் என்ன சொல்கிறோம் என்பதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

இதை நான் கற்றுக்கொண்டது என் உம்மாவைப் பட்டினி போட்டுத்தான். சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஓர் உயர்தர உணவகத்தில் ஒன்பது வகை விருந்துக்கு இரண்டு இடம் பிடித்தேன். முன்பதிவுப் படிவத்தில் 'உணவுக் கட்டுப்பாடுகள் உண்டா?' என்று ஒரு கட்டம் இருந்தது; போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று அதை வெறுமனே விட்டுவிட்டேன். அங்கே போய் உட்கார்ந்த பிறகு, ஒயின் சேர்க்காமல் கொடுங்கள் என்று கேட்டபோது, பரிமாறியவர் முகம் வாடியது. மூன்றாவது தட்டின் குழம்பில் ஒயின், ஐந்தாவதிலும் அதுவே, கடைசி இனிப்பில், விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின். உம்மா கோபப்படவில்லை, கூடையில் வைத்திருந்த ரொட்டியை மட்டும் பிய்த்துத் தின்றபடி, "நீ சாப்பிடு வாப்பா, எனக்குப் பசியில்ல" என்றார். அந்த ரொட்டிக்கு நான் கொடுத்த விலையை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

தப்பு உணவகத்தினுடையது அல்ல. இத்தகைய சமையலறையில் எலும்புச் சாறும் சாஸும் காலையிலிருந்தே வற்றிக்கொண்டிருக்கும். எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணித்தான் மீனும் இறைச்சியும் வாங்குவார்கள். இரவு எட்டு மணிக்கு ஒருவருக்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க அவர்களால் முடியாது. இரண்டு நாள் முன்னால் சொல்லியிருந்தால் அதே சமையலறை வேறு சாஸைத் தனியாகச் செய்து வைத்திருக்கும். ஆகவே முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். முந்தைய நாள் தொலைபேசியில் ஒருமுறை நினைவூட்டுங்கள். ஹலால் இறைச்சியா என்பதோடு நிறுத்தாமல், சாஸில் மதுவகை உண்டா, இனிப்பில் சேரும் ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது என்பதையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், ஏனெனில் இறைச்சி ஹலாலாக இருக்கும் இடத்திலும் சாஸில் ஒயின் இருக்கக்கூடும். வெள்ளிக்கிழமையோ புரட்டாசியோ என்றால் மரக்கறி விருந்து வேண்டும் என்பதையும், நண்டும் இறாலும் ஒத்துக்கொள்ளாது என்பதையும், பல் கட்டியிருக்கிறது, சர்க்கரை இருக்கிறது என்பதையும்கூடக் கூச்சப்படாமல் சொல்லலாம். ஜெலட்டின் வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் பெரும்பாலும் அகர் அகருக்கு மாறுவார்கள். அது வேறொன்றும் இல்லை, நோன்பு திறக்கும்போது நம் வீடுகளில் பால் சேர்த்துக் காய்ச்சி ஆற வைத்துத் துண்டு போடும் கடல்பாசிதான். மண்டபம் பக்கத்துப் பெண்கள் கடலில் முங்கிப் பறிக்கும் பாசிகளில் சில அகர் எடுக்கவே விலைக்குப் போகின்றன.

எந்த உணவகம் என்று தேர்வு செய்வதற்கு முன், 'நட்சத்திரம்' என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. மிஷ்லின் என்ற பிரெஞ்சு டயர் நிறுவனம், கார் வைத்திருப்பவர்களுக்காக 1900-ஆம் ஆண்டு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் வழக்கம் 1926-இல் தொடங்கியது. ஒரு நட்சத்திரம் என்றால் வழியில் நின்று சாப்பிடத் தகுந்த இடம், இரண்டு என்றால் சற்றுச் சுற்றிக்கொண்டாவது போகத் தகுந்தது, மூன்று என்றால் அதற்காகவே ஒரு பயணம் போகத் தகுந்தது. பேர் சொல்லாமல் வந்து, காசு கொடுத்துச் சாப்பிட்டுப் போகும் ஆய்வாளர்கள் தட்டில் உள்ளதை மட்டுமே பார்த்து இதை முடிவு செய்கிறார்கள். சரவிளக்குக்கும் மேசை விரிப்புக்கும் மதிப்பெண் கிடையாது. இந்தியாவில் மிஷ்லின் வழிகாட்டி இல்லை என்பதால், சென்னையில் யாராவது 'மிஷ்லின் உணவகம்' என்று சொன்னால் நம்ப வேண்டாம். துபாயில் 2022 முதல் உண்டு. அங்குள்ள ட்ரெசிண்ட் ஸ்டுடியோ 2025-இல் மூன்று நட்சத்திரம் பெற்றது, இந்தியச் சமையலுக்கு அப்படிக் கிடைத்தது அதுவே முதல்முறை. நியூயார்க்கில் நம்மூர்க்காரர் விஜய் குமார் சமைக்கும் 'செம்ம' உணவகத்தில் நத்தைப் பிரட்டல் கிடைக்கிறது, அதற்கும் நட்சத்திரம் உண்டு. சென்னையிலேயே பார்க்க வேண்டும் என்றால் கிண்டி ஐடிசி கிராண்ட் சோழாவில் உள்ள அவர்தனா, தென்னிந்தியச் சுவைகளைப் புது வடிவில் ஏழு முதல் பதின்மூன்று வகைகளாகப் பரிமாறுகிறது. ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் 2024-இலும் 2025-இலும் அதன் பெயர் இருந்தது. முதல்முறை போகிறவர்களுக்கு நான் அதைப் போன்ற இடத்தைத்தான் சொல்வேன், ஏனெனில் ரசம் எப்படி இருக்க வேண்டும் என்று நம் நாக்குக்குத் தெரியும், ஆகவே சமையல்காரர் அதில் என்ன மாற்றியிருக்கிறார் என்பதும் நமக்குப் பிடிபடும்.

இந்த உணவகங்களில் பெரும்பாலும் 'டேஸ்டிங் மெனு' என்ற முறைதான். நாம் வேண்டியதைப் பொறுக்கி எடுப்பது இல்லை. சமையல்காரர் வகுத்த வரிசையில், இரண்டு மூன்று வாய்க்கு வரும் அளவில், ஒவ்வொன்றாக வரும். ஒரு மேசையில் உள்ள எல்லோரும் ஒரே விருந்தைத்தான் எடுக்க வேண்டும் என்றும், குறைந்தது இத்தனை வயது ஆன பிள்ளைகளைத்தான் அழைத்து வரலாம் என்றும் பல இடங்களில் விதி உண்டு. நான்கு பேர் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து, கறித்துண்டை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிவிட்டுச் சாப்பிட்டுப் பழகிய நமக்குத் தனித்தனிச் சின்னத் தட்டு முதலில் அந்நியமாகத்தான் இருக்கும். முன்பணம் கேட்பார்கள், அல்லது அட்டை எண்ணை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வராமல் போனாலோ, கடைசி நேரத்தில் ரத்து செய்தாலோ, அந்தப் பணம் திரும்பாது. எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்யலாம் என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த விருந்து இரண்டரை மணி நேரம் முதல் மூன்று மணி நேரம் வரை நீளும். சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரும் இரவு ரயில்கள் பெரும்பாலும் விருந்து முடியும் முன்பே கிளம்பிவிடுவதால், சாப்பிட்டுவிட்டு அப்படியே வண்டி ஏறலாம் என்ற கணக்கு சரிப்படாது. ஓர் அறை எடுத்துத் தங்கியே ஆக வேண்டும். காலையில் வந்து இறங்கிய களைப்போடு அன்றிரவே போவதையும் தவிர்த்து, ஒருநாள் விட்டுப் போவது உத்தமம். ரமலானில் என்றால் நோன்பு திறந்து, தொழுகை முடித்து, ஆற அமரப் போகும்படி நேரம் கேளுங்கள். அன்று மதியம் வயிற்றைக் காயப் போடவும் வேண்டாம், மாலையில் சமோசாவும் வடையும் தின்று நிரப்பவும் வேண்டாம்; இரண்டும் நான் செய்து பார்த்த தவறுகள்.

உடை விஷயத்தில் பயம் தேவையில்லை. சுத்தமான முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் மூடிய காலணியும் போதும், சேலையும் புர்காவும் எங்கும் பொருந்தும். வேட்டி கட்டிப் போக விரும்புகிறவர்கள் தயங்காமல் கட்டலாம். வேட்டி கட்டியதற்காக மன்றங்கள் (கிளப்புகள்) போன்ற பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைத் தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குற்றமாக்கியிருக்கிறது. ரப்பர் செருப்பு மட்டும் வேண்டாம். கடுமையான அத்தரும் வேண்டாம், பக்கத்து மேசைக்காரர் தன் தட்டின் மணத்தை நுகரத்தான் அவ்வளவு பணம் கொடுத்திருக்கிறார்.

உட்கார்ந்ததும் முதலில் தண்ணீர் பற்றிக் கேட்பார்கள். 'ஸ்டில்' என்றால் வாயு இல்லாத தண்ணீர், 'ஸ்பார்க்ளிங்' என்றால் வாயு ஏற்றியது; இரண்டும் காசுக்கு வரும் பாட்டில்கள். 'சாதாரண வடிகட்டிய தண்ணீர்' என்று சொன்னால் அதுவும் கொடுப்பார்கள். அடுத்து, ஒவ்வொரு தட்டுக்கும் பொருத்தமாக மதுவகை ஊற்றும் 'பேரிங்' வேண்டுமா என்பார்கள். மது அருந்தாதவர்கள் வெறுமனே மறுத்துவிடாமல், பழச்சாறும் தேநீரும் புளிக்க வைத்த பானங்களும் கொண்ட மதுவற்ற பேரிங் இருக்கிறதா என்று கேட்கலாம். புளிக்க வைத்தது என்பதால் அதில் கொஞ்சமேனும் ஆல்கஹால் உண்டா என்று அப்போதே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். துணியை மடியில் விரித்துக்கொள்ளுங்கள். கரண்டிகள் வரிசையாக வைத்திருந்தால் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி எடுப்பது வழக்கம், பல இடங்களில் தட்டுக்குத் தட்டு அவர்களே மாற்றி வைத்துவிடுவார்கள். கையால் சாப்பிட வேண்டிய வகை என்றால் சொல்லித்தான் கொடுப்பார்கள், சொல்லாவிட்டாலும் கேளுங்கள்.

இனி மீன். நம் கரைக்காரர்கள் தலை நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் இது. தட்டு வைக்கும்போது என்ன மீன், எந்தக் கடல் என்று சொல்வார்கள். சொல்லாவிட்டால் கேட்கும் உரிமை நமக்கு உண்டு, நல்ல உணவகத்தில் அந்தக் கேள்வியை விரும்பவே செய்வார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், அந்த மாதங்களில் 'இன்று பிடித்த மீன்' என்று யாராவது சொன்னால் எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பதில் தவறில்லை. மீனை அவர்கள் வேக வைக்கும் பக்குவமும் வேறு. தோல் மொறுமொறுவென்று இருக்கும், நடுச்சதை அப்போதுதான் வெந்தும் வேகாததுமாகக் கண்ணாடி போல் இருக்கும். குழம்பில் கொதித்த மீனைச் சாப்பிட்டு வளர்ந்த பெரியவர்களுக்கு அது பச்சை மீனாகவே தோன்றும். முழுதாக வேக வேண்டும் என்று முன்னரே சொல்லலாம், தட்டு வந்த பிறகு திருப்பி அனுப்பினாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். வெளிநாட்டு மெனுவில் 'ஸீ கியூகம்பர்' என்று பார்த்தால் அது கடல் அட்டை என்று அறிக. நம் நாட்டில் அதைப் பிடிக்க 2001 முதல் தடை இருப்பது மன்னார் வளைகுடாக் கரையில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவது முறை உம்மாவைத் துபாயில் ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போனபோது, எல்லாவற்றையும் பத்து நாள் முன்பே எழுதி அனுப்பியிருந்தேன். மீன் தட்டு வந்தது. உம்மா கரண்டியைத் தொடாமல் விரல் நுனியால் ஓரத்தை அழுத்தி, சதை எழும்பி வரும் விதத்தைப் பார்த்தார். ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்து மெல்ல மென்றார்.

"இது நேத்து மீன் இல்ல வாப்பா. நாலஞ்சு நாள் ஆச்சு. ஆனா நாத்தமும் இல்ல, பிசுபிசுப்பும் இல்லையே!"

நான் சங்கடத்தோடு பரிமாறியவரிடம் மொழிபெயர்த்தேன். அவர் கண்கள் விரிந்தன. உள்ளே போய், வெள்ளை உடுப்போடு ஒரு சமையல்காரரைக் கூட்டி வந்தார். உம்மா சொன்னது சரிதான்: மீனைச் சுத்தம் செய்து, ஈரம் துடைத்து, உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டு, ஐந்து நாள் பதப்படுத்தியிருந்தார்கள். அப்படிச் செய்யும்போது சதையில் உள்ள நீர் கொஞ்சம் வற்றி, ருசி திரண்டு, தோலும் நன்றாக மொறுகும். கேட்டுவிட்டு உம்மா, "உப்புப் போடாத கருவாடுண்டு சொல்லு" என்று முடித்துவிட்டார். அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அந்தச் சமையல்காரர் நெடுநேரம் எங்கள் மேசையருகே நின்று, உப்புப் போட்டால் எத்தனை நாள் காய வைப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பில் வரும்போது படித்துப் பார்த்துக் கொடுங்கள். இந்தியாவில் தனி உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஓர் இரவுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம். நான்கு பேர் விருந்தில் இந்த வித்தியாசம் சில ஆயிரங்களைத் தொடும், ஆகவே மெனுவில் போட்டிருக்கும் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 'சர்வீஸ் சார்ஜ்' என்று தானாகச் சேர்த்திருந்தால் அதை எடுக்கச் சொல்லலாம். அதை பில்லில் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் விதித்ததை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. பரிமாறியவர் மனதுக்குப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தால், அந்தப் பணத்தை நோட்டாக அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.