நாற்பது பவுண்டு ஆசை: வில் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, நாகமலை அடிவாரத்தில் நாங்கள் பழகும் இடத்துக்கு மேலூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தார். கையில், முனைகள் வெளிப்பக்கம் வளைந்த புது ரீகர்வ் வில். வில்லின் வளைகிற பகுதியான லிம்பைத் திருப்பிப் பார்த்தேன், இழுக்க வேண்டிய பாரம் 40 பவுண்டு. நாண் ஏற்றுவதற்கே இரண்டு தடவை திணறினார்.

"இதை முழுசா இழுத்துப் பாத்திருக்கியாப்பா?"

"இழுத்துருவேன்ணே. மூணு வருசமா ஜிம்முக்குப் போறேன்."

இழுத்தார். வில் பிடித்த தோள் காதுவரை ஏறியது, முதுகு பின்னால் சாய்ந்தது, நாண் தாடைக்கு வந்து சேருமுன்பே விரல் விட்டுவிட்டது. அம்பு பலகைக்குக் கீழே மண்ணில் போய்க் குத்தி நின்றது. 11 வருடத்துக்கு முன்னால் என் அம்புகளும் அதே மாதிரிதான் மண்ணில் நின்றன.

கால் எப்படி வைப்பது, நாண் அடிக்காமலிருக்க முன்கையில் ஆர்ம் கார்டு போடுவது, எல்லாரும் எய்து முடிக்கும்வரை கோட்டைத் தாண்டாமல் இருப்பது இதையெல்லாம் யாரிடம் பழகினாலும் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். சொல்லிக்கொடுத்த பிறகும் நடக்கிற தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கைக்கு மீறிய வில்

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். இது எங்கிருந்து தொற்றுகிறது என்றும் தெரியும். வெளிநாட்டு வேட்டை வீடியோக்கள். அதில் ஒருவர் 60 பவுண்டு வில்லை அலுங்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மான் திரும்பும்வரை நிற்பார். அதைப் பார்த்துவிட்டு, நமக்கு 40 என்பது குறைச்சல்தானே என்று தோன்றும்.

அவர் வைத்திருப்பது காம்பவுண்டு வில். அதன் இரண்டு முனையிலும் இருக்கும் சக்கரங்கள், இழுப்பின் கடைசியில் பாரத்தை வாங்கிக்கொள்ளும். 80 சதவீதம் குறைகிற வில் என்றால், 60 பவுண்டில் அவர் கையில் நிற்பது 12 பவுண்டுதான். ரீகர்வ் வில்லில் இழுக்க இழுக்கப் பாரம் ஏறிக்கொண்டே போகும். குறி பார்த்து நிற்கிற அந்த நேரத்தில்தான் முழு எடையும் விரலில் இருக்கும். 40 பவுண்டு ரீகர்வைப் பிடித்து நிற்கிறவர், அந்த வேட்டைக்காரரைப் போல மூன்று மடங்குக்கு மேல் சுமக்கிறார்.

லிம்பில் எழுதியிருக்கிற எடை, 28 அங்குலம் இழுத்தால் வருவது. அதற்கு மேல் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 2 பவுண்டு கூடும். கை நீளமானவர் 30 அங்குலம் இழுத்தால் அதே வில் 44 பவுண்டு ஆகிவிடும்.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு வில் இத்தனை பவுண்டுக்குக் குறையக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. இடத்துக்கு இடம் 30, 35, 40 என்று மாறும். அடிபட்ட மிருகம் சாகாமல் ஓடி வதைபடக்கூடாது என்பதற்காக வைத்த கணக்கு அது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு இடம் கொடுக்கவில்லை. அழகர்மலைப் பக்கம் ஒரு முயலையோ மயிலையோ அடித்தால் வழக்குதான். நாம் எய்வது ஃபோம் பலகையில். அதில் குத்தி நிற்க 20 பவுண்டு தாராளம்.

நான் வாங்கியது 38. "எப்படியும் அடுத்த வருசம் பெருசு வேணும்னு வருவீங்க, இப்பவே வாங்கிருங்க" என்றார் விற்றவர். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. முதல் பத்து அம்பு ஒழுங்காகப் போகும். அதற்குப் பிறகு வலிக்கும். வலி வருமுன் விட்டுவிட வேண்டும் என்று உடம்பு தானாகவே கற்றுக்கொண்டது. குறி பார்க்க வில்லில் மாட்டியிருக்கும் சைட்டின் முள், இலக்கின் நடுவிலுள்ள மஞ்சளைத் தொட்டதும், நாண் தாடையில் பதிந்ததா இல்லையா என்று பார்க்காமலே விரல் திறந்துவிடும். நாண் வந்து உட்காரும் அந்த இடத்தைத்தான் ஆங்கர் என்கிறோம். அங்கே 3 மில்லிமீட்டர் மேலே கீழே போனால், 18 மீட்டர் தூரத்தில் அம்பு ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் தள்ளி விழும். 18 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டமே 4 சென்டிமீட்டர்தான்.

எட்டு மாதத்தில் வலது தோள் முடங்கிவிட்டது. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. நாலு மாதம் வில்லைத் தொடவில்லை. திரும்ப வந்து 24 பவுண்டுக்கு இறங்கினேன். 38க்கு வாங்கிய அம்புகள் இந்த வில்லுக்கு ரொம்ப விறைப்பு. எல்லாம் இடப்பக்கமாகவே ஓடின. லிம்பும் புதுசு, ஒரு டஜன் அம்பும் புதுசு. காசு போனதைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். விரல் முந்திக்கொண்டு திறக்கிற அந்தப் பழக்கம் போக இரண்டு வருடம் ஆனது.

வாங்குமுன் சோதித்துப் பாருங்கள். அம்பை வைத்து, பலகைக்கு நேரே நின்று, ஆங்கருக்கு இழுத்து 15 விநாடி பிடியுங்கள். விடாமல் மெல்ல இறக்குங்கள். இப்படி ஆறு தடவை. முள் லேசாக ஆடலாம். தோள் மேலே ஏறினால் அந்த வில் உங்களுக்கு இப்போது வேண்டாம். வளர்ந்தவர்கள் 20, 24 பவுண்டில் தொடங்கி இரண்டு இரண்டாக ஏறினால் போதும். நடுவில் கைப்பிடியுள்ள ரைசரை வைத்துக்கொண்டு லிம்பை மட்டும் மாற்றுகிற வில்லாக வாங்குங்கள். பழைய லிம்ப் கிடைத்தால் இன்னும் நல்லது.

அந்தத் தம்பியிடம் என் 22 பவுண்டு வில்லைக் கொடுத்தேன். "இது சின்னப்பிள்ளைக வில்லுண்ணே" என்றார். எய்யுங்கள் என்றேன். பத்து மீட்டரில் பன்னிரண்டு அம்பு. கடைசி மூன்றும் ஒரு கைப்பிடி இடத்துக்குள் ஒட்டி நின்றன. பிடுங்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

அம்பில்லாமல் நாணை விடுவது

ஒரு தடவைகூட வேண்டாம். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் லிம்புக்குள் திரும்பும். வில் உடையும்.

ஒவ்வொரு அம்புக்கும் சைட்டைத் திருகுவது

மூன்று அம்பு ஓரிடத்தில் விழட்டும், பிறகு தொடுங்கள். அம்பு போன பக்கமே சைட்டை நகர்த்துங்கள்.

காருக்குள் வில்

சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் லிம்பின் அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும்.

எண்ணிக்கைக்காக எய்வது

ஒரு நாளைக்கு 200 அம்பு என்று கணக்கு வைத்துக்கொண்டு வருகிறார்கள். தளர்ந்த பிறகு எய்கிற அம்பு தளர்ந்த பழக்கத்தைத்தான் பதிய வைக்கும். தோள் ஏறத் தொடங்கியதும் நிறுத்துங்கள். மீதி நேரத்துக்குப் பலகையிலிருந்து மூன்று மீட்டரில், இலக்குத் தாளைக் கழற்றிவிட்டு நின்று எய்யுங்கள். குறி இல்லாதபோதுதான் நாண் தாடையில் எங்கே உட்காருகிறது, விரல் எப்படித் திறக்கிறது என்று தெரியும்.

முதல் அம்பை மறந்துவிடுவது

வேட்டைக்காரர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, இறுகிப்போன உடம்போடு அவர்கள் விடுவது ஒரே அம்பு. நாமோ இருபது அம்பு எய்து கை பழகிய பிறகு விழுகிற அம்புக் கூட்டத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்கிறோம்.

நான் முதல் அம்புக்கென்று ஒரு தாள் தனியாக வைத்திருக்கிறேன். தோளையும் கையையும் வெறுமனே சுழற்றித் தளர்த்திக்கொண்டு, வந்ததும் அந்தத் தாளில் ஒரே ஓர் அம்பு. துளைக்குப் பக்கத்தில் பென்சிலால் தேதி. பிறகு தாளைக் கழற்றிவிட்டு மற்றப் பயிற்சி. ஒரு மாதம் சேர்ந்ததும் பார்த்தால் என் முதல் அம்புகள் பெரும்பாலும் மஞ்சளுக்குக் கீழே, ஏழு மணி முள் பக்கம் விழுந்திருக்கின்றன. முதல் இழுப்பில் ஆங்கருக்கு முழுசாக வராமலே விடுகிறேன். அந்த 38 பவுண்டு பழக்கியது இன்னும் அங்கே மிச்சம் இருக்கிறது.