அடுத்த குழந்தையையும் மனதில் வைத்து பிராம் வாங்குவது எப்படி?

பிரிட்டனில் முதல் குழந்தைக்கு பிராம் (குழந்தைத் தள்ளுவண்டி) பார்க்கப் போனால், "அடுத்ததும் யோசனையில் இருக்கா?" என்று கடைக்காரர் கேட்பார். இருக்கு என்று சொன்னால், பிறகு இரட்டையாக மாற்றிக்கொள்ளக்கூடிய வண்டிகள் நிற்கும் பக்கம் கூட்டிப் போவார். நல்ல வண்டிகள்தான், விலையும் அதற்கேற்ப இருக்கும். சிக்கல் என்னவென்றால், கடையில் தள்ளிப் பார்ப்பது ஒற்றை வண்டியை. பிற்பாடு மழையில் தள்ளப் போவது இரட்டை வண்டியை.

அதனால் முதலில் வயது இடைவெளியைக் கணக்குப் போடுங்கள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 1888-இன் முதல் பகுதி 15 கிலோ வரையுள்ள குழந்தைகளுக்கானது. இரண்டாம் பகுதி 22 கிலோ வரை போகும். உங்கள் வண்டி எதில் சேர்ந்தது என்பது வண்டிச் சட்டத்தில் (ஃபிரேம்) ஒட்டியிருக்கும் லேபிளிலோ கையேட்டிலோ இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி ஆண் குழந்தையின் நடு எடை 2 வயதில் 12.2 கிலோ, 3 வயதில் 14.3, 4 வயதில் 16.3. அதாவது மூத்தது இரண்டரை வயதைத் தாண்டிய பிறகு இளையது பிறந்தால், 15 கிலோ வரம்புள்ள இருக்கையில் மூத்ததுக்கு மிஞ்சுவது ஒரு வருஷத்துக்கும் குறைவு. அந்த வயதில் அது இருக்கையில் அடங்கி உட்காருமா என்பது வேறு கேள்வி.

ஒன்றரை வயதுக்குக் குறைவான இடைவெளி என்றால் மாற்றும் வண்டியைச் சுற்றி வளைக்காமல் நேரடியாக இரட்டை பிராம் பார்ப்பது மேல். இரண்டு பேருக்கும் நல்ல இருக்கை வேண்டும், இரண்டு பேரும் தூங்குவார்கள். ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை என்றால்தான் மாறும் வண்டி தன் விலைக்கு உழைக்கும். அதற்கு மேல் போனால் உறுதியான ஒற்றை வண்டியும், மூத்தது ஏறி நிற்கப் பின்னால் மாட்டும் நிற்பலகையும் போதும். அந்தப் பலகை பொதுவாக 2 வயதிலிருந்து, சுமார் 20 கிலோ வரை தாங்கும். ஆனால் பலகை மாட்டினால் தள்ளுபவரின் முழங்கால் அதில் இடிக்கும்; உயரமானவர்கள் குனிந்து நடக்க வேண்டியிருக்கும். கைப்பிடியை நீட்டிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்பதை அப்போதே பாருங்கள்.

மாறும் வண்டிகளில் இரண்டு குடும்பங்கள் உண்டு: பக்கவாட்டில் விரிபவை, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை ஏற்பவை.

விரிபவைக்கு நன்கு தெரிந்த உதாரணம் புகாபூ நிறுவனத்தின் டாங்கி என்ற மாடல். ஒற்றையாக 60 செ.மீ. அகலம், இரட்டையாக 74. இரண்டு குழந்தைக்கும் ஒரே உயரம், ஒரே காட்சி. எடை சக்கரங்களின் நடுவில் விழுவதால் தள்ளுவதும் இலகு. தடை கதவுதான். பிரிட்டிஷ் வீட்டு உள்கதவுகளில் 762 மி.மீ. அகலம் மிகச் சாதாரணம். திறந்து நிற்கும் கதவின் தடிப்பும் நிலையில் அடித்த தடுப்புக் கட்டையும் போனால் உண்மையில் கிடைப்பது 71, 72 செ.மீ.தான். 74 செ.மீ. வண்டி அங்கே நுழையாது. வாசல் கதவு பெரியதாக இருந்தாலும், பழைய டெரஸ் (வரிசையாக ஒட்டிக் கட்டிய) வீட்டின் நடையிலிருந்து அறைக்குத் திரும்பும் இடம் பெரும்பாலும் வாசலைவிடக் குறுகலாக இருக்கும். ஓர் அட்டைப்பெட்டியை வண்டியின் அகலத்துக்கு வெட்டி, வீட்டின் எல்லாத் திருப்பத்திலும் கொண்டு நடந்து பாருங்கள். ஃபிளாட் என்றால் லிஃப்ட் கதவையும் விடாதீர்கள்.

முன்பின்னாக ஏற்பவை கதவில் சிக்காது. ஒற்றையோ இரட்டையோ, அகலம் ஒன்றுதான். சிக்கல் கீழ் இருக்கையில். அது சாமான் கூடை இருந்த இடத்துக்கு வருவதால் கூடை பாதி மறைந்துவிடும், பால் புட்டிப் பையை எடுக்கக்கூட முட்டி போட வேண்டும். கீழே உட்கார்ந்தவருக்குத் தெரிவது மேல் இருக்கையின் அடிப்பக்கம். கால் நீட்டவும் இடம் இராது. மூத்ததைக் கீழே வைத்தால் அது எழுந்து மேல் இருக்கையை உதைக்கும், இளையதைக் கீழே வைத்தால் முகம் தெரியாமல் தாய்க்கு நிம்மதி போய்விடும். கையேட்டில் ஓர் அட்டவணை இருக்கும்: எந்த இருக்கை எந்தத் திசையில், எந்த வயதுக்கு, எத்தனை கிலோ வரை என்று. கீழ் இருக்கையின் வரம்பு மேலதைவிடக் குறைவாக இருக்கலாம். பணம் கட்டுமுன் பார்க்க வேண்டிய தாள் அதுதான். விளம்பரப் படத்தில் இருக்கும் எல்லா அமைப்பும் உங்கள் குழந்தைகளின் வயதுக்குப் பொருந்தாது.

பச்சைக் குழந்தை மட்டமாகப் படுக்க வேண்டும் என்பதில் சமரசம் வேண்டாம். பிறந்ததிலிருந்து ஏற்றது என்று சொல்லும் இருக்கையின் முதுகுப்பலகை, இருக்கைத் தளத்தோடு குறைந்தது 150 பாகை கோணம் வரை சாய வேண்டும் என்பது தரத்தின் விதி. அதற்குச் சாயாதவற்றில் 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு ஏற்றதல்ல என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். படுக்கைத் தொட்டி எனப்படும் கேரிகாட் இதைவிட நல்லது. பொதுவாக 9 கிலோ வரை, அல்லது குழந்தை தானாக எழுந்து உட்காரும் வரை. மாறும் வண்டியில் கேட்க வேண்டிய கேள்வி: கேரிகாட்டும் மூத்ததின் இருக்கையும் ஒரே சமயத்தில் மாட்ட முடியுமா? சில வண்டிகளில் முடியும், சிலவற்றில் முடியாது. முடியாததை வாங்கினால் முதல் ஆறு மாதமும் இரட்டை வசதி வீண்.

கார் சீட்டைச் சட்டத்தில் கொளுவித் தள்ளும் வசதி கடைத்தெருவுக்குக் கைகொடுக்கும். ஆனால் அது கட்டிலுக்கு மாற்றல்ல. பிறந்த குழந்தையை ஒரே தடவையில் 30 நிமிடத்துக்கு மேலும், வளர்ந்த கைக்குழந்தையை 2 மணி நேரத்துக்கு மேலும் அதில் வைக்க வேண்டாம் என்பதே பரவலான அறிவுரை. தலை முன்னால் சாய்ந்து மூச்சு தடைபடலாம்.

கடையில் சோதிக்கும்போது காலி வண்டியைத் தள்ளி ஏமாறாதீர்கள். காலியாக எல்லா வண்டியும் வெண்ணெய்போல் ஓடும். 10 கிலோ அரிசிப் பை ஒன்றும் 5 கிலோ பை ஒன்றும் காரில் எடுத்துப் போங்கள். கடைக்காரர்கள் சிரிப்பார்களே தவிர மறுக்கமாட்டார்கள். மேலே பத்து, கீழே ஐந்து வைத்து, ஒரு கையால் திருப்புங்கள். பிறகு கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி நடைபாதை விளிம்பில் ஏற்றுவதுபோல் செய்யுங்கள். எடை முன்னால் தள்ளி விழும் வண்டியில் இந்த இடத்தில் மணிக்கட்டு நோகும். அடுத்து பத்துக் கிலோவை எடுத்துவிட்டு, கைப்பிடியில் ஒரு சாமான் பையை மாட்டிப் பாருங்கள். வண்டி பின்னால் சரிய ஆரம்பித்தால், குழந்தையை இறக்கும் ஒவ்வொரு முறையும் வீட்டில் அதுதான் நடக்கும். பைக்குக் கொக்கி விற்பார்கள். மாட்டாமல் இருப்பதே உத்தமம்.

பிரேக்கைச் செருப்போடு மிதித்துப் பாருங்கள். விடுவிக்க விரலால் மேலே தூக்க வேண்டிய பிரேக், அம்மம்மா செருப்போடு பிள்ளையைப் பார்க்குக்குக் கூட்டிப் போகும் வீடுகளில் கால்நகத்தைக் கெடுக்கும். அழுத்தினால் பிடித்து, மறுபடி அழுத்தினால் விடும் வகையைக் கேளுங்கள்.

மடிப்பதையும் நீங்களே செய்து பார்க்க வேண்டும். பல மாறும் வண்டிகளில் இரண்டு இருக்கையையும் கழற்றிய பிறகுதான் சட்டம் மடியும். ஒரு சட்டமும் இரண்டு இருக்கையும், மூன்று துண்டு. கார் டிக்கியின் அகலத்தை அளந்து கொண்டு போங்கள். மடிப்பு மூட்டுகளில் விரல் மாட்டுவது சாதாரண விஷயமல்ல: 2009 நவம்பரில் மெக்லாரன் தள்ளுவண்டி நிறுவனம் குழந்தைகளின் விரல்நுனி துண்டான சம்பவங்களுக்குப் பிறகு அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மூட்டுக்கு மூடி இருக்கிறதா பாருங்கள். விரிக்கும்போது மூத்த பிள்ளை இரண்டு அடி தள்ளி நிற்கட்டும்.

லண்டன் பஸ்ஸில் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிராம் நிற்கும் இடம் சக்கரநாற்காலிக்கானது, முன்னுரிமையும் அதற்கே. 2017 ஜனவரியில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், இடம் விட மறுப்பவரிடம் ஓட்டுநர் வெறுமனே கேட்பதோடு நிறுத்தக்கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆக, ஒரு கையில் கைக்குழந்தையும் பக்கத்தில் மூத்ததும் நிற்க வண்டியை மடிக்க வேண்டிய நிலை வரும். பஸ்ஸே வாழ்க்கை என்றால், பெரிய மாறும் வண்டியைவிட, கைக்குழந்தையை உடம்போடு கட்டிக்கொண்டு மூத்ததுக்கு 6, 7 கிலோ எடையுள்ள சின்ன வண்டி வைத்துக்கொள்வது நல்ல தீர்வு.

பணத்தைக் கூட்டும்போது சட்டத்தின் விலையோடு நிற்காதீர்கள். இரண்டாம் இருக்கை, மேல்கீழ் அடாப்டர்கள் (இருக்கையைச் சட்டத்தில் பொருத்தும் துண்டுகள்), கார் சீட் அடாப்டர், இரண்டாம் மழை உறை எல்லாம் தனித்தனி விலை. எல்லாவற்றையும் இப்போதே வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். கேட்க வேண்டியது, அடுத்த மூன்று வருஷம் இந்த மாடலுக்கு உதிரிகள் கிடைக்குமா என்பதே. புது மாடல் வந்ததும் பழையதின் அடாப்டர் பொருந்தாமல் போவது இந்தத் தொழிலில் வாடிக்கை. அதனால் பழைய வண்டி வாங்கும்போது மாடல் பெயர் போதாது, எந்த வருஷத்துத் தயாரிப்பு என்பதும் வேண்டும். மடிப்புப் பூட்டு முழுக்க விழுகிறதா, சக்கரம் ஆடுகிறதா, குழந்தையைக் கட்டும் ஐந்துமுனைப் பட்டியின் கொக்கி சுத்தமாகச் சொடுக்கிப் பிடிக்கிறதா என்று பாருங்கள். காற்றுச் சக்கரமென்றால் பஞ்சர் வரும், பம்ப் கூடவே வேண்டும். நுரைச் சக்கரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, கற்பாதையில் குலுக்கும். கார் சீட்டை மட்டும் தெரியாத ஆளிடம் பழையதாக வாங்காதீர்கள், விபத்தில் அடிபட்டதா என்பது வெளியே தெரியாது.

வெயில் நாளில் பிராமின் மேல் துண்டோ சால்வையோ போர்த்தும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். மெல்லிய மஸ்லினாக இருந்தாலும் உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறும். இரட்டை வண்டியில் கீழ் இருக்கைக்கு இது இன்னும் மோசம். கிளிப்பில் மாட்டும் குடை போதும்.