அயர்லாந்துக் குடியுரிமை: உங்களுக்கு எந்த வழி?

முதலில் தாத்தா பாட்டியைப் பாருங்கள். அவர்களில் ஒருவர் அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால், அங்கே ஒருநாள்கூட வசிக்காமல், வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயரைப் பதிந்தே குடிமகனாகலாம். நம்மில் பெரும்பாலானோருக்கு அந்த யோகம் இல்லை, அதனால் வசித்துத்தான் வாங்க வேண்டும்.

கணக்கு இதுதான்: விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 9 ஆண்டுகளில் மொத்தம் 5 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும், அதில் கடைசி ஓராண்டு தொடர்ச்சியாக. அந்த ஓராண்டில் 70 நாள் வரை வெளிநாடு போய்வரலாம். அயர்லாந்துக் குடிமகனைத் திருமணம் செய்து 3 ஆண்டு ஆகியிருந்தால், 5 ஆண்டில் 3 ஆண்டு வசித்திருந்தாலே போதும்.

பலர் கோட்டை விடுவது ஸ்டாம்ப் விஷயத்தில், அதாவது எந்த நிபந்தனையில் அங்கே தங்கலாம் என்று காட்டும் அனுமதி வகையில். மாணவராக ஸ்டாம்ப் 2-இல் இருந்த காலம் கணக்கில் வராது, எத்தனை வருடம் படித்திருந்தாலும் சரி. வேலை அனுமதியோடு ஸ்டாம்ப் 1, அப்புறம் தனி வேலை அனுமதி இல்லாமலே வேலை பார்க்க விடும் ஸ்டாம்ப் 4, இவை சேரும். தங்கும் அனுமதிக் கார்டைப் புதுப்பிக்கத் தாமதித்து அனுமதி விட்டுப்போன நாட்களும் போச்சு, ஆகவே தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டே இறங்குங்கள்.

விண்ணப்பக் கட்டணம் 175 யூரோ, ஒப்புதலானதும் பெரியவர்களுக்கு இன்னும் 950. வங்கி அறிக்கை, வாடகை ஒப்பந்தம் என ஒவ்வோர் ஆண்டுக்கும் வசிப்பிடச் சான்று தேவை, அதனால் பழைய காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். கடைசியில் விழாவில் விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும்.

இந்தியர்கள் கவனிக்க: அயர்லாந்து இரட்டைக் குடியுரிமையை ஏற்கும், இந்தியா ஏற்காது. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும்) அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.