அரை நிமிடத்தில் எழுதப்படும் தீர்ப்பு: புதிய மின்னணு இசையைத் தேடிப் பரிந்துரைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய சுயாதீன இசையையும் மின்னணு இசையையும் தேடிப் பட்டியலிடத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் சிலர், அண்மைக் காலமாகத் தங்கள் பட்டியல்களை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிக் குவித்தவற்றில் இருந்த அதே சறுக்கல்கள், ஏறக்குறைய அதே வரிசையில், அவற்றிலும் இருக்கின்றன. கலைஞரின் பெயரைத் தவறாக எழுதுவது, ஆண்டை மாற்றிப் போடுவது போன்றவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். செய்கிறவருக்கே தவறென்று தெரியாத சிலவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தள்ளித் தள்ளிக் கேட்பது

எனக்கு மிக அதிக இழப்பைத் தந்த தவறு இதுதான். தொடக்க காலத்தில் வாரத்துக்கு அறுபது, எழுபது புதிய பதிவுகள் என்னிடம் வந்து சேரும். இரவில் உட்கார்ந்து, திரையில் தெரியும் அலைவடிவத்தின் மேல் சுட்டியை வைத்து, தொடக்கத்தில் பத்து வினாடி, நடுவில் பத்து வினாடி, முடிவுக்குச் சற்று முன் பத்து வினாடி என்று கேட்டு, ஒரு மணி நேரத்துக்குள் அத்தனையையும் முடித்துவிடுவேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றிருக்க, நான் மூன்று சோறு எடுத்துப் பார்க்கிறேனே என்ற பெருமிதமும் அப்போது இருந்தது.

அப்படி ஓர் இரவில் பதினொரு நிமிடப் பதிவு ஒன்று வந்தது. நான் அதுவரை கேள்விப்பட்டிராத ஒருவர், ஒரு சிந்தசைசரையும் ஒரு டிரம் மெஷினையும் மட்டும் வைத்துக்கொண்டு தன் அறையில் செய்தது. 300 பிரதிகள் மட்டும் வினைலில் அச்சாகப் போகின்றன என்று ஒரு சிறு கடிதத்தையும் அவர் இணைத்திருந்தார். நான் கேட்ட மூன்று இடங்களிலும் ஒரே தாளமும் ஒரே நான்கு சுரங்களும்தான் இருந்தன. அலைவடிவமும் தொடக்கம் முதல் முடிவு வரை மதில்சுவர்போல் ஒரே உயரத்தில் நின்றது. அந்த வாரக் குறிப்பில் ‘பதினொரு நிமிடமும் நின்ற இடத்திலேயே நிற்கும் இசை’ என்று எழுதினேன். அந்த வரி எனக்கு அப்போது மிகவும் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஓர் இசை இரவில், டிஜே ஒருவர் அதே பதிவை வெட்டாமல் முழுமையாக ஒலிக்கவிட்டார். முதல் நான்கு நிமிடங்கள் அந்தச் சுரங்கள் அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் மங்கலாகக் கேட்டன. ஒலியின் கூர்மையை அடக்கி வைக்கும் ஃபில்டர் ஒன்று, கூர்ந்து கவனித்தாலும் பிடிபடாத அளவு மெதுவாக, திறந்துகொண்டே போனது. ஏழாம் நிமிடத்தில் அதே நான்கு சுரங்கள் காதுக்குள் உடைந்து சிதறின. அதுவரை பேஸ் (தாழ்ந்த ஒலி) என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒலி விலக, அதற்கும் அடியில் வேறொரு பேஸ் தொடக்கத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது புலப்பட்டது. அருகில் நின்ற நண்பரிடம் இது யாருடையது என்று கேட்டேன். அவர் பெயரைச் சொன்னதும், ஒரு நொடியில், என் வரி எனக்கு நினைவுக்கு வந்தது.

அந்த 300 பிரதிகளும் எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தன. பழைய பிரதி ஒன்றைப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். அந்த இழப்பு எனக்குப் பெரிதில்லை. அந்தக் கலைஞர் அதன் பிறகு எனக்கு எதையும் அனுப்பவில்லை என்பதும், அவருடன் சேர்ந்து இயங்கிய இன்னும் இரண்டு, மூன்று பேரும் அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள் என்பதும்தான் இன்றுவரை உறுத்துகின்றன. அடுத்த சில ஆண்டுகளில் அந்தச் சிறு வட்டத்திலிருந்து வந்த அருமையான பதிவுகளையெல்லாம் எல்லாரும் கேட்டு முடித்த பிறகுதான் நான் கேட்டேன். இன்னும் வெளிவராத ஒன்றை நம்பி அனுப்பும் நாலு பேரைத் தவிர, பரிந்துரைப்பவனுக்கு வேறு முதலீடு கிடையாது.

இந்தத் தவறு மின்னணு இசையில் ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஹவுஸ் என்னும் மின்னணு நடன இசை பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 130 தாள அடி வேகத்தில் ஓடுகிறது. 128 அடி என்று வைத்துக்கொண்டால், நான்கு அடி கொண்ட 32 சுற்றுகள் முடியச் சரியாக ஒரு நிமிடம் ஆகும். டிஜேக்களுக்காகச் செய்யப்படும் பதிவுகள் பலவற்றில் முதல் 16 அல்லது 32 சுற்றுகளில் தாளத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது. முன்னால் ஒலித்துக்கொண்டிருக்கும் பாடலோடு இதை இழையவிட வேண்டும் என்பதற்காகத் திட்டமிட்டே அப்படி அமைக்கிறார்கள். முதல் முப்பது வினாடியைக் கேட்டவர் அந்த இழைப்புக்கென ஒதுக்கிய இடத்தை மட்டுமே கேட்டிருக்கிறார். ஆலாபனையின் முதல் அரை நிமிடத்தில் எழுந்து போனவர் கச்சேரிக்கு விமர்சனம் எழுதினால் நாம் என்ன சொல்வோமோ, அதை இவருக்கும் சொல்லலாம்.

அலைவடிவமும் இதில் நம்மை ஏமாற்றுகிறது. அந்தப் படம் ஒலியின் அளவு கூடிக் குறைவதைக் காட்டுமே தவிர, ஒலியின் நிறம் மாறுவதைக் காட்டாது. ஒரு ஃபில்டர் பத்து நிமிடமாகத் திறந்துகொண்டிருந்தாலும், உரத்த கிக் டிரம் (தாளத்தின் கனத்த அடி) சீராக அடித்துக்கொண்டிருக்கும் வரை படம் மதில்சுவராகத்தான் தெரியும்.

இதைவிட என்னை உறுத்தும் விஷயம் வேறொன்று. ஸ்பாட்டிஃபை போன்ற தளத்தில் ஒரு பாடல் முப்பது வினாடி ஒலித்த பிறகே அது ஒருமுறை கேட்கப்பட்டதாகக் கணக்கில் ஏறுகிறது. ஆகவே அந்தக் கணக்கை நம்பி வாழ்பவர்கள், கேட்பவரைப் பிடித்து நிறுத்தும் பகுதியை முன்னால் கொண்டுவந்து வைப்பதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லாமல் இசை செய்பவர்களைத் தேடித்தான் நாம் இந்தப் பக்கம் வந்தோம். தள்ளித் தள்ளிக் கேட்கும் காது, நாம் தேடி வந்தவர்களையே முதலில் சலித்து வெளியே கொட்டிவிடுகிறது.

‘இன்று நூறு புதிய பாடல்கள் கேட்டேன்’ என்று பெருமையாக எழுதுகிறவர்களைக் காணும்போது எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. பாடல் ஒன்றுக்கு ஆறு நிமிடம் என்றால் பத்து மணி நேரம். அதைக் கேட்டிருக்க மாட்டார் என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். நான் இப்போது வாரத்துக்குப் பன்னிரண்டு பதிவுகளுக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. பிடிக்காததைப் பாதியில் நிறுத்துவது கேட்பவரின் உரிமை, நானும் நிறுத்துகிறேன். பாதியில் நிறுத்தியதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதுவதில்லை.

கைப்பேசியின் ஒலிபெருக்கியை நம்புவது

கிக் டிரம்மின் அடித்தள ஒலி பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. அதற்கும் கீழே இறங்கும் பேஸ் பல வகைகளில் உண்டு. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி அந்தப் பகுதியில் ஏறக்குறைய ஊமை. சத்தத்தைக் குறைத்துக் கேட்டாலும் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். தாழ்ந்த ஒலியளவில் மனிதக் காது பேஸைக் குறைவாகவே உணர்கிறது என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ‘மெலிந்த இசை’ என்று எழுதுவதற்கு முன், விலை குறைந்ததாயினும் காதை நன்றாக மூடும் ஹெட்போன் ஒன்றில் மறுபடியும் கேட்டுவிடுங்கள்.

தளம் தந்ததையே திருப்பித் தருவது

ஸ்பாட்டிஃபை 2015 முதல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒவ்வொருவருக்கும் முப்பது பாடல்களைப் பொறுக்கித் தருகிறது. உங்களைப் போன்ற ரசனையுள்ள பிறர் எவற்றைத் தங்கள் பட்டியல்களில் சேர்த்தார்கள் என்பதிலிருந்துதான் அது பெருமளவுக்குப் பிறக்கிறது. அதிலிருந்து ஐந்தை எடுத்து நீங்கள் பரிந்துரைத்தால், அதே ரசனையுள்ள உங்கள் வாசகருக்கு அந்த ஐந்தும் ஏற்கெனவே கிடைத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எவர் பட்டியலிலும் இன்னும் ஏறாத பாடல் அந்த வழியில் வந்து சேர்வதும் அரிது.

எனக்கு இன்றுவரை கைகொடுப்பது, பதிவின் பின்னட்டையில் உள்ள சிறிய எழுத்துகள். மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீராக்குவது) செய்தவர் யார், மறுகலவை (ரீமிக்ஸ்) செய்தவர் யார், வெளியிட்ட லேபிள் எது, அந்த லேபிளின் முந்தைய வெளியீடு எது என்று ஒவ்வொரு பெயராகப் பின்தொடர்ந்தால், மூன்றாவது, நான்காவது படியில் யாரும் பேசாத ஒருவர் கிடைத்துவிடுகிறார். இந்தத் தேடலுக்கு நான் நம்பும் டிஸ்காக்ஸ் என்ற இணையத் தரவுத்தளம், 2000-ஆம் ஆண்டில் மின்னணு இசைப் பதிவுகளை மட்டும் பட்டியலிடவே தொடங்கப்பட்டது என்பதால், அந்தப் பிரிவில் அதன் விவரங்கள் செறிவாக இருக்கின்றன. கலைஞர்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஒரு பதிவை வாங்கியவர்கள் வேறு என்னென்ன வாங்கியிருக்கிறார்கள் என்பதையும் பார்க்க முடியும். காசு கொடுத்து வாங்கியவரின் அலமாரி, இலவசமாகச் சொடுக்கியவரின் வரலாற்றைவிட நம்பத் தகுந்தது என்பது என் அனுபவம்.

காசு வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பது

கூடாது.

கதையைப் பரிந்துரைப்பது

திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-இல் ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 (பேஸ் சிந்தசைசர்), டிஆர்-808 (டிரம் மெஷின்), ஜூப்பிட்டர்-8 (சிந்தசைசர்) ஆகிய கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவுசெய்தார். அது 2010-இல் மறுவெளியீடு பெற்றபோது, அதே 303-இன் நெளியும் ஒலியை வைத்து 1987-இல் சிகாகோவிலிருந்து வெளியான ஆசிட் ஹவுஸ் இசையோடு பலரும் அதை ஒப்பிட்டார்கள். நானும் ‘ஆசிட் ஹவுஸ் பிறந்தது மும்பையில்’ என்று உற்சாகமாக எழுதினேன். வந்த பதில்கள் அனைத்தும் யார் முந்தி என்ற சண்டையாகவே இருந்தன. எப்படி ஒலிக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதைப் பற்றி நானே எதுவும் எழுதியிருக்கவில்லை.

ஒருவர் முன்னதாகச் செய்தார் என்பதாலேயே பின்னால் வந்தவர் அவரிடமிருந்து எடுத்தார் என்று ஆகிவிடாது. சிகாகோவின் ஹவுஸும், டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோர் கட்டிய டெக்னோ என்ற மின்னணு நடன இசையும் கறுப்பின இளைஞர்கள் தங்கள் சூழலிலிருந்து உருவாக்கியவை. ஒரு கவர்ச்சியான தலைப்புக்காக அந்த வரலாற்றை நான் ஒரே வரியில் ஓரங்கட்டியிருந்தேன். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி 303-இல் இருக்கிறது என்பதையும், ராகத்தின் வளைவுகளுக்கு அது எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்பதையும் எழுதியிருந்தால் நாலு பேராவது பதிவைக் கேட்டிருப்பார்கள்.

‘இன்னாரைப் போல இருக்கும்’

அந்த இன்னாரையே கேட்டுக்கொள்கிறேன் என்று வாசகர் போய்விடுவார்.

ஒரே மூச்சில் நாற்பது பாடல்கள் கொடுப்பது

புதிதாக எதையாவது சொல் என்று கேட்ட நண்பர் ஒருவருக்கு நாற்பது பாடல்கள் கொண்ட பட்டியலை ஒருமுறை அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து, இதில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டார். இப்போதெல்லாம் ஒருவருக்கு ஒன்றுதான். அதை அவர் எப்போது கேட்பார், நடக்கும்போதா, வேலை செய்யும்போதா, படுக்கப் போகும் முன்பா என்று முதலில் விசாரித்துக்கொள்கிறேன். கூடவே ‘நாலாவது நிமிடம் வரை பொறுத்திரு, தாளம் பாதியாகக் குறையும் இடம் வரும்’ என்பதுபோல் ஓர் இடத்தைக் குறித்துக் கொடுக்கிறேன். காத்திருக்க ஓர் இடம் இருந்தால் பெரும்பாலானவர்கள் அதுவரை கேட்கிறார்கள்.

இணைப்பை யோசிக்காமல் ஒட்டுவது

2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்பட்டிருந்தால்தான் அந்தப் பதிவுக்கான பங்குத்தொகை கிடைக்கும். உங்கள் சொல்லை நம்பி இருநூறு பேர், இதுவரை எவரும் அறியாத ஒருவரின் பாடலை அங்கே போய்க் கேட்டால், அவருக்குச் சில சமயம் ஒன்றுமே போய்ச் சேராது. பேண்ட்கேம்ப் மின்வடிவ விற்பனையில் பொதுவாக 15 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. 2020 மார்ச்சில் தொடங்கிய வழக்கப்படி, அறிவிக்கப்படும் சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. அந்த இருநூறு பேரில் ஐந்து பேர் அங்கே வாங்கினாலே கணக்கு மாறிவிடும். ஆகவே கலைஞரே நேரடியாக விற்கும் பக்கம் ஒன்று இருந்தால், அதை முதலில் கொடுத்துவிட்டு மற்றவற்றை அதற்குக் கீழே கொடுங்கள்.

வெளியீட்டு நாளுக்கு முன் வந்த தனி இணைப்பைப் பகிர்வது

ஒரே ஒரு நெருங்கிய நண்பருக்குக்கூட.

இணையத்தில் இருக்கிறது என்று விட்டுவிடுவது

2003 முதல் 2015 வரை மைஸ்பேஸ் தளத்தில் ஏற்றப்பட்ட இசைக் கோப்புகள் சர்வர் மாற்றத்தின்போது அழிந்துபோனதாக 2019-இல் தெரியவந்தது. வேறெங்கும் வெளியிடாமல் அங்கே மட்டும் ஏற்றியிருந்த சிறு குழுக்களின் தொடக்க காலப் பதிவுகள் அத்துடன் போயின. பெரிய நிறுவனத்தின் பாடலென்றால் எங்காவது ஒரு பிரதி மிஞ்சியிருக்கும். வீட்டு அறையில் பிறந்த இசைக்கு அந்த உறுதி இல்லை. கலைஞர் மனம் மாறித் தானே நீக்கிவிடுவதும் உண்டு.

நான் பரிந்துரைக்கும் ஒவ்வொன்றையும் இப்போது வாங்கி, கோப்பாக இறக்கி, இரண்டு வன்தட்டுகளில் வைக்கிறேன். இந்தப் பழக்கம் வருவதற்கு முந்தைய குறிப்பேடு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில், இன்று எங்கு தேடியும் கிடைக்காத ஒரு பதிவின் பெயருக்கு எதிரே, ‘ஆறாம் நிமிடம், தகரத்தின் மேல் மழை விழுவதுபோல்’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது. என்ன சுரம், என்ன தாளம் என்று எதுவும் நினைவில் இல்லை.