பெற்றோர் மதுரையில், பிள்ளைகள் வெளியூரில் என்றால்...

திருமங்கலத்திலோ கே.கே. நகரிலோ அப்பா அம்மா தனியாக இருந்தால், ஆஸ்பத்திரிக்குக் கூடவே போய் டாக்டரிடம் கேட்டு, வீட்டாருக்குப் புரியவைக்க அனுபவமுள்ள செவிலியர் ஒருவரை அமர்த்துங்கள். தமிழ்நாடு செவிலியர் மன்றப் பதிவு எண்ணை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் மாத்திரை. இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர் என்று பார்க்கும்போது, ஒரே மருந்து வேறு வேறு கம்பெனிப் பெயரில் இரண்டு சீட்டிலும் வந்துவிடும். டிஸ்சார்ஜ் அன்றே வீட்டிலுள்ள பழைய அட்டைகளையும் புதுச் சீட்டையும் செவிலியர் ஒப்பிட்டு, மருந்தின் மூலப்பெயரோடு ஒரே பட்டியல் எழுதட்டும். எதை நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சரிபார்த்த பட்டியல் வாட்ஸ்அப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போகட்டும். ஒரு பிரதியை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். அவசரத்துக்கு 108 வண்டி வந்தால் உடனே எடுத்துக் கொடுக்கலாம்.